4.40-க்குப் பிறகு ஒரு பஸ்

சாயங்காலம் 4.40-க்கு நம்ம காலேஜ் கிரவுண்டு பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஹாஸ்டல் ஆட்களுக்கு அது டீ குடிக்கும் நேரம். டே ஸ்காலர்களுக்கு அது ஓட்டப் பந்தயம். கடைசி பீரியட் எடுக்கும் சார் இரண்டு நிமிடம் கூடுதலாக இழுத்தால் போதும், பாதி வகுப்பு பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். வரிசையாக நிற்கிற பஸ்ஸெல்லாம் ஸ்டார்ட் ஆகி உறுமும். ஒருத்தன் ஷூ லேஸ் அவிழ்ந்தபடியே ஓடுவான். 4.45-க்கு கிரவுண்டு காலி.

போன செமஸ்டர் ரோபாட்டிக்ஸ் கிளப்பில் சேர ஒரு கூட்டம் நடந்தது. நேரம் 5 மணி. என் லேப் பார்ட்னருக்கு ஊர் நெகமம் பக்கம். எங்கள் செட்டில் சர்க்யூட்டைப் பார்த்தவுடனே தப்பு எங்கே என்று சொல்கிற ஆள் அவன் ஒருத்தன்தான். "நீ போய்ட்டு வந்து சொல்லுடா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். நான் தங்கினேன். நான் கிளப்பில் இருக்கிறேன், அவன் இல்லை. காரணம் கேட்டால் திறமை, ஆர்வம் என்று எதுவும் சொல்ல முடியாது. எனக்கு அன்றைக்கு பைக்கில் கூட்டிப்போக ஒரு ஆள் கிடைத்தான், அவ்வளவுதான்.

மாணவர் பஸ் சலுகை பற்றி எழுத உட்கார்ந்தவன் ஏன் கிளப் கதை சொல்கிறான் என்று நினைக்கலாம். சலுகை என்றதும் நாம் எல்லோரும் ரூபாய்க் கணக்குதான் போடுகிறோம். டிக்கெட் 20 ரூபாய், பாதி 10 ரூபாய், மாதம் இவ்வளவு மிச்சம் என்று. எனக்கு அந்தக் கணக்கு முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் பாஸ் என்பது நினைத்த நேரத்துக்கு வரவும் போகவும் ஒரு மாணவனுக்குக் கிடைக்கும் அனுமதி. நம்மிடம் அது இல்லை. அது ஏன் இல்லை என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வீடு சிங்காநல்லூரில். அக்கா அரசு கலைக் கல்லூரியில் எம்.ஏ. படிக்கிறாள். சித்தப்பா பையன் அரசு பாலிடெக்னிக். நான் இங்கே. மூன்று பேரும் ஒரே சமையலறையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். தம்பிக்கு இலவச பஸ் பாஸ். அக்காவுக்கு பாஸும் உண்டு, பாஸ் இல்லாவிட்டாலும் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. எனக்கு? அரசு கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்குப் பயணம் இலவசம். தனியார் கல்லூரி மாணவன் என்றால் பாதிக் கட்டணம். அதையும் காலேஜ் மூலமாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். நான் முதலாம் ஆண்டில் அதற்குக் கேட்டுப் போனபோது ஆபீஸில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காலேஜ் பஸ்தான் இருக்குதல்ல, அப்புறம் இது எதுக்கு தம்பி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. மூன்று வருஷத்தில் என்னைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்டு வந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தனியார் காலேஜ் என்றால் வசதியான வீட்டுப் பிள்ளை என்று ஒரு காலத்தில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நம்ம வகுப்பில் எழுந்து நின்று கேட்டுப் பாருங்கள். அப்பா லேத் பட்டறை, அப்பா விசைத்தறி, அம்மா தென்னந்தோப்பில் கூலி, அப்பா லாரி. கவுன்சலிங்கில் எந்தக் காலேஜ் விழுந்ததோ அங்கே வந்தவர்கள் நாம். அரசு காலேஜ் சீட் கம்மி, கட்-ஆஃப் அதிகம். ஒன்றிரண்டு மார்க்கில் அது போனதால் ஒருத்தன் வீட்டில் திடீரென்று பணம் கொட்டிவிடுமா?

இது அரசாங்கத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதில் சேருகிறவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவர்கள் சேருவது தனியார் காலேஜ் ஆனாலும் சரி. முதல் பட்டதாரி சலுகையும் அப்படித்தான், காலேஜ் யாருடையது என்று பார்ப்பதில்லை, வீட்டில் யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா என்றுதான் பார்க்கிறது. 2022-ல் வந்த புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் நம்ம கோயம்புத்தூரிலேயே தொடங்கி வைத்த தமிழ்ப் புதல்வன், இரண்டும் மாதம் 1,000 ரூபாய். அங்கேயும் முதல் கேள்வி நீ எந்தப் பள்ளியிலிருந்து வந்தாய் என்பதுதான். இத்தனை திட்டத்திலும் மாணவன் யார் என்று பார்க்கத் தெரிந்த அரசு, பஸ்ஸில் ஏறியதும் மட்டும் காலேஜ் வாசலில் இருக்கும் போர்டைப் படிக்கிறது.

இப்போது பெண்களுக்கான கட்டணமில்லா பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் தொடங்கியது. ஐடி கார்டு கிடையாது, விண்ணப்பம் கிடையாது, காலேஜ் சீல் கிடையாது, பிரின்சிபால் கையெழுத்து கிடையாது. ஏறினால் கண்டக்டர் பூஜ்யம் போட்ட டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். நம்ம வகுப்புப் பெண்களும் அக்காவும் ஒரே மாதிரிதான் போகிறார்கள். சலுகை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். (எங்கள் செட்டு பசங்க சிலர் இதை வைத்துப் பொறாமைப்பட்டு மீம் போடுவதும் நடக்கிறது. அவளுக்கு ஏன் கிடைத்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, உனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேளுடா.)

ஆனால் அந்த இலவசமும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான். நம்ம காலேஜ் இருப்பது பொள்ளாச்சி ரோட்டில். இந்த ரோட்டில் நிமிஷத்துக்கு ஒரு பஸ் பறக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. உக்கடத்திலிருந்து கிளம்பிப் பொள்ளாச்சி போகிற புறநகர் பஸ்கள். அதில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. பாதிப் பஸ் தனியார் பஸ், அதில் எந்த பாஸும் செல்லாது. ஒருமுறை ஜூனியர் ஒருவன் தெரியாமல் தனியார் பஸ்ஸில் ஏறி ஸ்கூல் படித்தபோது வாங்கிய பழைய பாஸை நீட்டினான். கண்டக்டர் சிரித்துவிட்டு, "தம்பி, இதைக் கவர்மென்ட் பஸ்ல காட்டுங்க. இங்க டிக்கெட் எடுங்க சாமி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அதைவிடப் பெரிய சிக்கல், எந்த பஸ்ஸும் நம்ம கேட்டில் நிற்காது. கையைக் காட்டினால் டிரைவர் நம்மைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுப் போவார். அடுத்த ஸ்டாப்புக்கு ஹைவே ஓரமாக நடக்க வேண்டும். இருட்டிய பிறகு அந்த ஓரத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், லாரி போகும்போது உடம்பே ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கும். மாணவிகளை அப்படி நடந்து போகச் சொல்ல யாருக்கும் மனசு வராது, அதனால் அவர்களுக்கு 4.40 பஸ்ஸை விட்டால் வேறு வழியே இல்லை. இலவசம் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்த பஸ் இல்லை.

சரி, காலேஜ் பஸ்ஸில் என்ன குறை என்று கேட்பீர்கள். குறை சொல்ல மனசில்லாமல்தான் சொல்கிறேன், எங்கள் ரூட் டிரைவர் அண்ணன் மழை நாளில் எனக்காகப் பத்து நிமிடம் நிறுத்தியவர். ஆனால் வருஷத்துக்கு முப்பதாயிரத்தை ஒட்டிக் கட்டுகிறோம். அதற்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு இரண்டு நடை. காலை ஒன்று, மாலை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஹேக்கத்தான் என்றால் கிடையாது. ஸ்டடி ஹாலிடேயில் லைப்ரரி வர வேண்டும் என்றால் கிடையாது. வேறு காலேஜ் சிம்போசியத்துக்குப் போக வேண்டும், இன்டர்ன்ஷிப்புக்குப் பீளமேடு போக வேண்டும், உடம்பு சரியில்லாமல் மத்தியானம் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்றால் எதற்கும் கிடையாது. வீட்டிலிருந்து காலேஜுக்கு வெளியே நமக்கு ஓர் ஊர் இருக்கிறது என்பதே அந்த பஸ்ஸுக்குத் தெரியாது.

ஜெர்மனிக்கு எம்.எஸ். போன சீனியர் ஒருவர் போனில் பேசும்போது சொன்னது இங்கே சரியாக வரும். அங்கே பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்து எல்லா மாணவர்களிடமும் போக்குவரத்துக்கு ஒரு தொகை வாங்கிவிடுவார்கள். பஸ்ஸில் போகிறவன், சைக்கிளில் போகிறவன் என்று பிரிப்பதில்லை. 2024 கோடை செமஸ்டரிலிருந்து அது நாடு முழுவதும் செல்லும் டிக்கெட்டாகவே வந்துவிட்டது. தொடங்கும்போது மாதம் 29.40 யூரோ. அதை வைத்து லோக்கல் ரயில், டிராம், பஸ் எதில் வேண்டுமானாலும் நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். அதிவேக ரயில்தான் சேராது. "ஞாயித்துக்கிழமை சும்மா கிளம்பி வேற ஊர் பார்த்துட்டு ராத்திரி ரூமுக்கு வந்துடுவேன்டா" என்கிறார். இந்த மனுஷன்தான் இங்கே நாலு வருஷம் படித்தபோது டாப்ஸ்லிப்பை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஜெர்மனியோடு நம்மை ஒப்பிடாதே என்று சொல்வீர்கள். ஒப்பிடவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொடுத்து எல்லோருக்கும் பயணம் என்கிற யோசனையை நாம் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறோம் என்றுதான் சொல்கிறேன். ஒரு காலேஜில் ஆயிரம் பேர், ஆளுக்கு முப்பதாயிரம் என்றால் வருஷத்துக்கு மூன்று கோடி ரூபாய். இந்த ரோட்டில் நம்மைப் போல எத்தனை காலேஜ் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை பஸ்ஸும் காலையில் ஒருமுறை ஓடி, பகல் முழுக்க வேப்பமரத்தடியில் தூங்கி, சாயங்காலம் ஒருமுறை ஓடுகிறது.

பக்கத்தில் வாளையார் தாண்டினால் இன்னொரு கதை. கேரளாவில் மாணவர்களுக்குக் குறைந்தபட்ச சலுகைக் கட்டணம் 1 ரூபாய். 2022 மே மாதம் சாதாரணக் குறைந்தபட்சக் கட்டணம் 8-லிருந்து 10 ரூபாய் ஆனபோதும் மாணவர் கட்டணத்தைத் தொடவில்லை. தனியார் பஸ்ஸும் அந்த 1 ரூபாய்க்கு ஏற்றியாக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இழப்பு பஸ் முதலாளி தலையில் விழுகிறது. அதனால் அவர்கள் அடிக்கடி ஸ்டிரைக் என்கிறார்கள், ஸ்டாப்பில் யூனிஃபார்ம் கூட்டத்தைப் பார்த்தால் தள்ளி நிறுத்துகிறார்கள், மற்றவர்கள் ஏறிய பிறகு ஏறு என்கிறார்கள். பாலக்காட்டிலிருந்து வரும் நம்ம நண்பர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். சலுகைக்கான காசை யார் கொடுப்பது என்று தீர்மானிக்காமல் சலுகை கொடுத்தால் பஸ் நிற்காது. நம்மூரில் அரசு பஸ்ஸுக்கு அந்தப் பணத்தை அரசு ஈடுகட்டுகிறது. அந்த விஷயத்தில் நாம் ஒரு படி மேல்தான்.

அரசு போக்குவரத்துக் கழகம் நஷ்டத்தில் ஓடுகிறது, இதில் நீ வேறயா என்று வீட்டில் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. 2018 ஜனவரி 20 அன்று கட்டணம் ஏறியபோது மாணவர்கள் ஊர் ஊராகக் காலேஜை விட்டு வெளியே வந்தார்கள், பத்து நாளுக்குள் கொஞ்சம் குறைத்தார்கள். அதற்குப் பிறகு டீசல் எங்கேயோ போய்விட்டது. ஆகவே எனக்கு எல்லாம் இலவசமாக வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. பாதிக் கட்டணம் போதும். ஆனால் அந்தப் பாதி எல்லாக் காலேஜ் மாணவர்களுக்கும் ஐடி கார்டைக் காட்டினாலே கிடைக்க வேண்டும். டவுன் பஸ்ஸோடு நிற்காமல், பொள்ளாச்சி ரோட்டில் நிஜமாக ஓடுகிற அரசு புறநகர் பஸ்ஸிலும் செல்ல வேண்டும். சாயங்காலம் 6.30-க்கு அந்த பஸ்கள் எப்படியும் ஓடத்தான் போகின்றன. நாங்கள் ஏறாவிட்டால் பாதிக் காசும் வராது, முழுக் காசும் வராது.

மாணவர்களுக்கு பாஸ் கொடுத்தால் ஃபுட்போர்டில் தொங்குவான், கூரை மேல் ஏறுவான், ரூட்டு தல என்று கத்தியோடு திரிவான் என்று ஒரு பேச்சு உண்டு. சென்னையில் பஸ் டே கொண்டாட்டத்துக்கு ஹைகோர்ட் தடை போட்டும், 2019 ஜூனில் பஸ் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாக விழுந்த வீடியோவை எல்லோரும் பார்த்தோம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், அது முட்டாள்தனம். ஆனால் தினமும் ஃபுட்போர்டில் தொங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வீரம் காட்டத் தொங்குவதில்லை. உள்ளே இடமில்லை, அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது. தொங்கிப் பார்த்தவன் சொல்கிறேன், கை மரத்துப் போகும்.

ஒரு விஷயத்தில் தப்பு நம்ம மேல். ரயில்வே மாணவர் சலுகை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பலவற்றை ரயில்வே நிறுத்தியது. ஆனால் மாணவர் சலுகையை நிறுத்தவில்லை. லீவுக்குச் சொந்த ஊர் போகவும் வரவும் ஸ்லீப்பர் கிளாஸில் பாதிக் கட்டணம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. சீசன் டிக்கெட்டுக்கும் அதே சலுகை. வீட்டிலிருந்து காலேஜுக்கு தினமும் ரயிலில் வரும் மாணவிகளுக்கு டிகிரி முடியும் வரை செகண்ட் கிளாஸ் மாத சீசன் இலவசம். ஆண்களுக்கு அது பிளஸ் டூ வரைதான். ஆன்லைனில் புக் பண்ண முடியாது. காலேஜில் சலுகைப் படிவத்தில் பிரின்சிபால் கையெழுத்து வாங்கிக் கவுன்டரில் கொடுக்க வேண்டும். கிணத்துக்கடவு ஸ்டேஷன் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. ஹாஸ்டலில் திருநெல்வேலி, நாகர்கோவில் பசங்க தீபாவளிக்கு ஆம்னி பஸ்ஸுக்கு இரண்டாயிரம் அழுதுவிட்டு வருகிறார்கள். என் ரூட்டில் 42 பேரிடம் கேட்டேன். அந்தப் படிவம் என்று ஒன்று இருப்பதே 5 பேருக்குத்தான் தெரியும், வாங்கியவர் ஒருவர். கேட்காத சலுகை மெல்ல மெல்ல ஒருநாள் காணாமல் போகும். ஆபீஸில் அந்தப் படிவக் கட்டு எங்கே இருக்கிறது என்று தேடவே அவர்களுக்கு அரை மணி நேரம் ஆனது.

இனி செய்ய வேண்டியது. பாஸ் விதியை மாற்றுவது சென்னையில் நடக்கிற வேலை, அதற்குக் காலம் ஆகும். ஆனால் கேட்டில் ஒரு ஸ்டாப் வேண்டும், 6.30 மணி அளவில் உக்கடம் பக்கம் ஒன்று, பொள்ளாச்சி பக்கம் ஒன்று, இரண்டு அரசு பஸ் அங்கே நின்று போக வேண்டும் என்பது கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கேட்கக்கூடிய விஷயம். பஸ் புதிதாக விட வேண்டியதில்லை, ஓடுகிற பஸ் பிரேக் பிடித்தால் போதும். பிடித்த பஸ்ஸில் ஏற ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் நம்மிடம்தான் இருக்கிறது.

லைப்ரரியில் நியூஸ்பேப்பர் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், டிபார்ட்மென்ட், இறங்க வேண்டிய ஊர், வாரத்தில் எத்தனை நாள் 4.40-க்கு மேல் தங்க வேண்டியிருக்கும், இந்த நான்கை மட்டும் எழுதுங்கள். ஹாஸ்டல்காரர்களும் எழுதலாம், நீங்களும் சனிக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள்தானே. இதை எழுதும்வரை 118 பெயர் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் மூன்றாவது பெயர் என் லேப் பார்ட்னருடையது. ஊர் நெகமம், வாரத்துக்கு 3 நாள் என்று எழுதியிருக்கிறான். அடுத்த மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை மனு கொடுக்கப் போகிறோம். அன்றைக்கு நான்கு பேருக்கு ஓடி வாங்கித் தர எச்ஓடி சம்மதித்துவிட்டார். ஐந்தாவதாக வர யாராவது மாணவி இருந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.